யூதர் வீட்டு முட்டைக்கோஸ் ரோல் (ஹோலிஷ்கெஸ்): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோலிஷ்கெஸ் என்றால் என்ன?

வெந்து துவண்ட முட்டைக்கோஸ் இலைக்குள் கொத்துக்கறி, அரிசி, வெங்காயம் வைத்துச் சுருட்டி, புளிப்பும் இனிப்புமான தக்காளிக் குழம்பில் இரண்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் வேகவிடும் சாப்பாடு. கிழக்கு ஐரோப்பாவில், அதாவது இன்றைய போலந்து, உக்ரைன், லிதுவேனியா, ருமேனியா, ஹங்கேரி பக்கம் வாழ்ந்த அஷ்கெனாசி யூதர்களின் வீட்டுச் சமையல். அங்கிருந்து நியூயார்க், மொன்ட்ரியல், லண்டன், டெல் அவீவ் என்று அவர்கள் போன இடமெல்லாம் கூடவே போனது. ஹோலிஷ்கெஸ், ப்ராக்கெஸ், ஹலுப்சி என்று குடும்பத்துக்குக் குடும்பம் பெயர் மாறும். இஸ்ரேலில் க்ரூவ் மெமுலா என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

போலந்துக்காரர், உக்ரைன்காரர், துருக்கியர் எல்லாருமே கோஸ் இலையில் சுருட்டிச் செய்கிறார்களே, இதை மட்டும் ஏன் யூத உணவு என்று தனியாகச் சொல்ல வேண்டும்?

நியாயமான கேள்வி. சுருட்டுவது யாருக்கும் தனிச்சொத்து இல்லை. வித்தியாசம் பானைக்குள் எது போகக் கூடாது என்பதில் தொடங்குகிறது. யூதர்களின் உணவு விதிகளை கோஷர் என்கிறோம். அதன்படி பன்றி இறைச்சி கிடையாது, இறைச்சியோடு பால், வெண்ணெய், கிரீம் எதுவும் சேரவும் கூடாது. பக்கத்து வீட்டு போலந்துக்காரர் பன்றிக் கொத்துக்கறியில் ரோல் செய்து மேலே புளித்த கிரீமை ஒரு கரண்டி வைத்துச் சாப்பிடுவார். அந்தக் கொழுப்பும் கிரீமுமே அவருடைய தட்டுக்குச் செழிப்பைக் கொடுத்துவிடும். யூத வீட்டில் அது இரண்டுமே இல்லை, இருப்பது மாட்டிறைச்சி மட்டும், அதுவும் பெரும்பாலும் விலை குறைந்த பகுதி. அந்தச் செழிப்பை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும், கொண்டுவந்தது குழம்புதான் என்பது என் எண்ணம். எலுமிச்சையும் சர்க்கரையும் உலர்திராட்சையும் போட்டு, நேரம் போவதைப் பற்றிக் கவலைப்படாமல் வேகவைத்து, கறியின் சாறும் கோஸின் இனிப்பும் அதில் இறங்கும்வரை விடுவது. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்கிறேன்: ரோல் கோணல்மாணலாக வந்தால் பரவாயில்லை, குழம்பில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

இதை எப்போது சாப்பிடுவார்கள்? பண்டிகைச் சாப்பாடா?

குளிர்காலத்தில் எந்த வாரமும் செய்வார்கள். ஆனால் சுக்கோத் பண்டிகைக்கு இது விசேஷம். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும் ஏழு நாள் அறுவடைத் திருநாள் அது. வீட்டுக்கு வெளியே சுக்கா என்ற தற்காலிகப் பந்தல் போட்டு, மேலே தழை பரப்பி, அதற்குள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒன்றுக்குள் ஒன்றைத் திணித்துச் செய்யும் சாப்பாட்டை நிறைவான விளைச்சலின் அடையாளமாக அந்த வாரத்தில் விரும்பிச் செய்வது வழக்கம். முட்டைக்கோஸ் நன்றாக விளைந்து மலிவாகக் கிடைக்கும் பருவமும் அதுவே. சமையலறையிலிருந்து பந்தலுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் பாருங்கள், அதற்கு மூடிபோட்ட ஒரே பானையில் சூடு ஆறாமல் இருக்கும் இந்த மாதிரிச் சாப்பாடு ரொம்பத் தோது.

சுக்கோத் முடிந்த கையோடு சிம்ஹாத் தோரா வரும். வருடம் முழுக்க வாரவாரம் வாசித்துவந்த தோரா என்ற தங்கள் வேதநூலை அன்று முடித்து, உடனே ஆதியாகமத்திலிருந்து மறுபடி தொடங்குவார்கள். தோரா இரண்டு கோல்களில் சுற்றிய சுருளாக இருக்கும். தட்டில் இரண்டு ரோல்களை ஒட்டி வைத்தால் அந்தச் சுருள் போலவே தெரியும் என்பதால் அன்றைக்கும் இதையே பரிமாறுவார்கள். ஆகவே ஆளுக்கு இரண்டு வையுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்? அளவு சொல்லுங்கள்.

ஆறு பேருக்கு, பதினான்கு பதினைந்து ரோல் வருகிற மாதிரி சொல்கிறேன். பெரிய முட்டைக்கோஸ் ஒன்று, ஒன்றரை கிலோவாவது இருக்கட்டும். கல் மாதிரி இறுகிய கோஸ் வேண்டாம், இலை பிரிவது கஷ்டம். கையில் எடுத்தால் கொஞ்சம் லேசாக, மேலே தட்டையாக இருப்பதாகப் பாருங்கள். உள்ளே வைக்க மாட்டுக் கொத்துக்கறி முக்கால் கிலோ, அரிசி 100 கிராம், வெங்காயம் பெரியதாக ஒன்று, முட்டை ஒன்று, உப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், பிடித்தால் இரண்டு பல் பூண்டு.

குழம்புக்குத் தக்காளி ஒரு கிலோ அரைத்தது, அல்லது டின் தக்காளி 800 கிராம். இன்னொரு வெங்காயம், பிரவுன் சுகர் நான்கு டேபிள்ஸ்பூன் (நாட்டுச்சர்க்கரையும் சரிதான்), எலுமிச்சைச் சாறு நான்கு டேபிள்ஸ்பூன், உலர்திராட்சை அரைக் கப், புளிப்பான ஆப்பிள் இருந்தால் ஒன்றைத் துருவிக்கொள்ளலாம். எண்ணெய், உப்பு, ஒன்றேகால் கப் தண்ணீர். அவ்வளவுதான். அடியில் இரண்டு எலும்புத்துண்டு போடுகிறவர்களும் உண்டு, கிடைத்தால் நீங்களும் போடுங்கள், குழம்பு கெட்டிப்படும்.

இலை கிழியாமல் எப்படிப் பிரிப்பது? எனக்கு ஒவ்வொரு முறையும் பாதி வீணாகிறது.

பச்சையாக இருக்கும்போது பிரிக்கப் பார்த்தால் யாருக்கும் கிழியும். கோஸைத் தலைகீழாகத் திருப்பி, அடித்தண்டைச் சுற்றிக் கூர்மையான கத்தியைச் சாய்த்து இறக்கி, கூம்பு மாதிரி அந்தத் தண்டைத் தோண்டி எடுத்துவிடுங்கள். இலைகள் எல்லாம் பிடித்துக்கொண்டிருப்பது அங்கேதான். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, தோண்டிய பக்கம் கீழே இருக்கும்படி முழுக் கோஸையும் இறக்குங்கள். ஐந்தாறு நிமிடத்தில் வெளி இலைகளின் ஓரம் தானாக விரியும், நிறமும் பளிச்சென்ற பச்சைக்கு மாறும். இடுக்கியால் அடியிலிருந்து மெதுவாக இழுத்தால் முழு இலையாகக் கையோடு வரும். அதை எடுத்துவிட்டு அடுத்ததற்கு இரண்டு நிமிடம் விடுங்கள். இப்படி அடுக்கடுக்காக எடுத்துக்கொண்டே போக வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்தால் வெளியே கூழாகி உள்ளே பச்சையாகவே நிற்கும்.

இலை ஆறியதும் நடுநரம்பைக் கவனியுங்கள். இலையைக் கவிழ்த்துப் போட்டால் அடிப்பக்கம் விரல் தடிமனுக்கு ஒரு மேடு இருக்கும். கத்தியைப் படுக்கவைத்து அந்த மேட்டை மட்டும் சீவி, இலையின் மற்றப் பகுதியோடு சமமாக்கிவிடுங்கள். வெட்டி எடுக்க வேண்டாம், ஓட்டை விழும். சீவாமல் விட்டால் சுருட்டும்போது அந்த இடத்தில் படக்கென்று முறியும், இலை வீணாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஃப்ரீசரில் வைத்தால் வேகவைக்கவே வேண்டாம் என்கிறார்களே?

உண்மைதான், நல்ல வழியும்கூட. முழுக் கோஸை ஒரு பையில் போட்டு இரண்டு நாள் ஃப்ரீசரில் உறையவிட்டு, பிறகு வெளியே எடுத்து ஒரு இரவு முழுக்க உருகவிடுங்கள். இலைக்குள் இருக்கும் நீர் உறையும்போது அதன் செல்கள் உடைந்துபோவதால், உருகியதும் இலை துணி மாதிரித் துவண்டுவிடும். கொதிநீரோடு மல்லுக்கட்டும் வேலை இல்லை. நிறைய தண்ணீர் கொட்டும், அடியில் ஒரு பெரிய பாத்திரம் வையுங்கள். என்ன, முன்கூட்டியே திட்டமிட வேண்டும். நாளைக்கு விருந்து என்றால் கொதிநீர் வழிதான்.

கோஷர் வீடுகளில் கோஸைப் பூச்சி பார்க்காமல் சமைக்க மாட்டார்களாமே?

ஆமாம். பன்றி இறைச்சியைப் போலவே பூச்சியும் அவர்களுக்கு விலக்கு. எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவதாக இருந்தால் போதும், அதைச் சாப்பிடக் கூடாது. முட்டைக்கோஸில் அசுவினியும் இலைப்பேனும் இலை மடிப்புகளில் ஒளிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு இலையையும் தனியாகக் கழுவி, இரண்டு பக்கமும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்த பிறகே வைப்பார்கள். ஃப்ரீசரில் வைப்பதால் பூச்சி செத்துப்போகலாம், ஆனால் அங்கேயேதான் இருக்கும், பார்த்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் கோஷர் வழக்கத்தைப் பின்பற்றாவிட்டாலும் இந்த ஒரு வேலையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் மாட்டுக்கறி சாப்பிட மாட்டோம். வேறு கறியில் செய்யலாமா?

தாராளமாக. ஆட்டுக் கொத்துக்கறி நன்றாக இருக்கும், கொழுப்பு கொஞ்சம் இருக்கிற மாதிரி கேளுங்கள். கோழியிலும் வான்கோழியிலும் யூத வீடுகளிலேயே செய்கிறார்கள், ஆனால் நெஞ்சுக்கறியை மட்டும் அரைத்தால் சக்கை மாதிரி வரும், தொடைக்கறியையும் சேர்த்து அரைக்கச் சொல்லுங்கள். எந்தக் கறியானாலும் வெங்காயத்தை நறுக்காமல் துருவி அதன் நீரோடு சேர்ப்பது முக்கியம், கறி மெத்தென்று இருப்பது அதனால்தான். இன்னொன்று, பிசைவது. கறியையும் அரிசியையும் விரல் நுனியால் கலந்தால் போதும். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் வெந்த பிறகு ரப்பர் மாதிரி இறுகிவிடும்.

கோஷர் கடைக் கறி வாங்கினால் உப்பைக் குறைத்துப் போடுங்கள். இரத்தத்தை எடுப்பதற்காக அந்தக் கறியை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் போட்டுக் கழுவித்தான் விற்கிறார்கள். டொராண்டோவில் பாத்தர்ஸ்ட் வீதிப் பக்கமும் லண்டனில் கோல்டர்ஸ் கிரீனிலும் இருக்கிற நம்மவர்களுக்கு இந்தக் கடைகள் எட்டும் தூரம்தான், போய்ப் பாருங்கள்.

அரிசியை வேகவைத்துப் போடுவதா, பச்சையாகவா? எந்த அரிசி?

இரண்டு கட்சியும் உண்டு. பச்சையாகப் போட்டால் கறியின் சாறு முழுவதும் அரிசிக்குள் போகும் என்பது ஒரு கட்சி. எனக்கு அது ஒத்துவராது. தக்காளி, எலுமிச்சை என்று புளிப்பான குழம்பில் அரிசி மெதுவாகத்தான் வேகும், சில நேரம் நடுவில் விதை மாதிரி நிற்கும். ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பாதி வெந்ததும் வடித்துப் போடுவது நம்பகமான வழி. பாஸ்மதி உதிரியாகப் போகும், கறியைப் பிடித்துக்கொள்ளாது. பொன்னி பச்சரிசி நன்றாக இருக்கும். புழுங்கலரிசி என்றால் இன்னும் கொஞ்ச நேரம் வேகவையுங்கள்.

கிழக்கு ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் அன்று அரிசி விளையவில்லை, வெளியிலிருந்து வரும், விலையும் அதிகம். அதனால் பழைய நாளில் ஏழை வீடுகளில் வாற்கோதுமையோ கஷா என்று சொல்லும் பக்வீட்டோதான் உள்ளே போனது. கஷா கிடைத்தால் ஒருமுறை போட்டுப் பாருங்கள், வறுத்த மணம் ஒன்று வரும், அது தனி ருசி.

சுருட்டும் முறையைச் சொல்லுங்கள். வேகும்போது பிரிந்துவிடுகிறது.

இலையின் உட்குழிவான பக்கம் மேலே இருக்கட்டும், தண்டுப்பக்கம் உங்களைப் பார்த்து. தண்டுப்பக்கத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, இரண்டு டேபிள்ஸ்பூன் கறியைக் குவித்து எடுத்து, விரல் நீளத்துக்கு உருட்டி வையுங்கள். தண்டுப்பக்கத்தை அதன்மேல் மடித்து ஒரு சுற்று உருட்டி, இடது ஓரத்தை உள்ளே மடித்து, மேலே உருட்டிக்கொண்டே போங்கள். வலது ஓரம் திறந்தே இருக்கும். கடைசியில் அந்த ஓரத்தை ஆள்காட்டி விரலால் ரோலுக்குள்ளேயே குத்திச் செருகிவிடுங்கள். இந்தச் செருகல்தான் பூட்டு, நூலும் வேண்டாம், குச்சியும் வேண்டாம்.

இறுக்கிச் சுருட்டாதீர்கள். உள்ளே இருக்கும் அரிசி இன்னும் உப்பும், இடம் கொடுக்காவிட்டால் இலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பானையில் வைக்கும்போது மடிப்பு கீழே இருக்க வேண்டும், ஒன்றோடொன்று நெருக்கி அடுக்க வேண்டும். நெருக்கம் இருந்தால் பிரிய வழியே இல்லை. சுருட்டுவதற்கு ஆகாத சின்ன இலைகள், கிழிந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொடியாக அரிந்து பானையின் அடியில் பரப்பிவிடுங்கள். அடிப்பிடிக்காது, வெந்து குழம்போடு கரைந்தும் போகும்.

குழம்பு எவ்வளவு இனிப்பாக இருக்க வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவு சொல்கிறார்கள்.

இந்தச் சண்டை கிழக்கு ஐரோப்பாவிலேயே இருந்ததுதான். 1960களில் மார்வின் ஹெர்சாக் என்ற மொழியியலாளர் போலந்துப் பகுதி யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியின் வட்டார வழக்குகளை ஆராய்ந்தபோது, பேச்சு மாறும் எல்லையை ஒட்டியே மீன் உருண்டையில் சர்க்கரை போடுவதும் போடாததும் மாறுவதைக் கவனித்தார். வார்சாவுக்குக் கிழக்கே வடக்கு தெற்காக ஓடுகிற ஒரு கோடு. அதற்கு மேற்கே, கலீசியாவிலும் (இன்றைய தென்கிழக்குப் போலந்தும் மேற்கு உக்ரைனும் சேர்ந்த பகுதி) போலந்திலும், மீனிலிருந்து கோஸ் வரை எல்லாம் இனிப்பு. கிழக்கே லிதுவேனியப் பக்கம் மிளகுதான், சர்க்கரை போட்டால் முகம் சுளிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த மேற்குப் பகுதியில் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகள் பெருகி, சர்க்கரை மலிவானது இதற்கு ஒரு காரணம் என்பார்கள். ஹங்கேரி யூதர்கள் இந்தச் சண்டைக்கே வராமல் பாப்ரிகா என்ற சிவப்பு மிளகாய்த்தூளும் ஊறவைத்த புளிப்புக் கோஸும் போட்டுத் தங்கள் வழியில் போனார்கள்.

நான் மேலே கொடுத்த அளவு நடுத்தரம். செய்முறை இதுதான்: எண்ணெயில் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, தக்காளி, ஆப்பிள், உப்பு, தண்ணீர், முழுச் சர்க்கரை, பாதி எலுமிச்சைச் சாறு, உலர்திராட்சை எல்லாம் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ரோல்களின் மேல் ஊற்றுங்கள். மீதி எலுமிச்சையைக் கடைசி அரை மணி நேரத்தில் ஊற்றுங்கள். ஆரம்பத்திலேயே புளிப்பு முழுவதையும் கொட்டினால் கோஸ் இலை மென்மையாக நேரம் பிடிக்கும், புளிப்பின் புத்துணர்ச்சியும் வெந்து போய்விடும். கடைசியில் ருசி பாருங்கள். நாக்கில் முதலில் புளிப்பு தட்டி, விழுங்கும்போது இனிப்பு வர வேண்டும். இனிப்பு முந்திக்கொண்டால் இன்னொரு அரை எலுமிச்சை. அமெரிக்க யூத வீடுகளில் எலுமிச்சைக்குப் பதில் சவர் சால்ட் போடுவார்கள், நம் கடைகளில் விற்கும் சிட்ரிக் ஆசிட்தான் அது, கால் டீஸ்பூனில் தொடங்குங்கள், கை தாராளமானால் தொண்டை கரிக்கும்.

கெட்சப், கிரான்பெரி ஜெல்லி, இஞ்சி பிஸ்கட் எல்லாம் போடுகிறார்களே, அது சரியா?

அதெல்லாம் அமெரிக்காவில் சேர்ந்தது. 1881க்கும் 1924க்கும் இடையில் சுமார் இருபது லட்சம் யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அங்கே போய் இறங்கினார்கள். டின்னிலும் பாட்டிலிலும் கிடைத்ததை வைத்துப் பழைய புளிப்பையும் இனிப்பையும் பிடித்தார்கள். தக்காளியே இந்தச் சாப்பாட்டுக்குப் புதிய வரவுதான், அதற்கு முன் வினிகரும் புளிக்கவைத்த காய்ச்சாறும் தேனும் அந்த வேலையைச் செய்தன. ஆகவே கெட்சப் ஊற்றுகிற பாட்டியும் மரபை விட்டுவிடவில்லை. எனக்குக் கெட்சப் பிடிக்காது, அதன் வினிகர் வாசனை மேலே நிற்கும். இஞ்சி பிஸ்கட் நான்கை நொறுக்கிக் கடைசியில் போடுவது நல்ல யோசனை, குழம்பு கெட்டியாகும், லேசான இஞ்சி மணமும் வரும்.

எலுமிச்சைக்குப் பதில் புளி ஊற்றலாமா?

அஷ்கெனாசி வீட்டில் புளி கிடையாது. ஆனால் சிரியாவின் அலெப்போ நகர யூதர்கள் புளியைக் காய்ச்சிக் கெட்டியாக்கி வைத்துக்கொண்டு, திராட்சை இலையில் கறி வைத்துச் சுருட்டும் யெப்ராவில் உலர்ந்த ஆப்ரிகாட்டோடு அதை ஊற்றுவார்கள். யூதச் சமையலுக்குப் புளி அந்நியமில்லை. கோஸ் ரோலில் புளி ஊற்றினால் நன்றாகவே இருக்கும், நிறம் கருக்கும், ருசி அலெப்போ பக்கம் சாயும். முதல் தடவை எலுமிச்சையில் செய்து இதன் ருசியைத் தெரிந்துகொண்டு, அப்புறம் புளிக்குப் போங்கள்.

மிளகாய், கரம் மசாலா?

வேண்டாம் என்பேன். பட்டை கிராம்பு ஏறினால் எலுமிச்சையும் திராட்சையும் சேர்ந்து செய்கிற வேலை தெரியாமலே போய்விடும். காரம் வேண்டுமானால் மிளகைக் கூட்டுங்கள், லிதுவேனிய யூதர்கள் அப்படித்தான் சாப்பிட்டார்கள்.

எவ்வளவு நேரம் வேகவேண்டும்? பிரஷர் குக்கரில் முடியாதா?

ஓவன் என்றால் 160 டிகிரி செல்சியஸில், மூடிபோட்டு இரண்டரை மணி நேரம், கடைசி அரை மணி நேரம் மூடியைத் திறந்துவிட்டால் மேலே சிவந்து குழம்பு சுண்டும். அடுப்பு என்றால் கனமான பாத்திரத்தில், மிகச் சிறுதீயில், குறைந்தது இரண்டு மணி நேரம். குழம்பு கொதிக்கக் கூடாது, அங்கங்கே ஒரு குமிழி வந்தால் போதும். கொத்துக்கறி பாதுகாப்பாக வேக உள்ளே 71 டிகிரி வந்தால் போதுமானது, அது முக்கால் மணி நேரத்திலேயே வந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் இலைக்கும் குழம்புக்கும்தான். ஒரு மணி நேரத்தில் ஒன்றைத் தட்டில் வைத்துப் பாருங்கள், கத்தி இல்லாமல் வெட்ட முடியாது. மூன்றாவது மணி நேரத்தில் கரண்டி ஓரத்தால் அழுத்தினாலே இலை பிரியும், குழம்பும் தண்ணீராக ஓடாமல் பளபளவென்று ரோலின் மேல் ஒட்டி நிற்கும்.

குக்கரில் முடியும். அடியில் அரிந்த கோஸைத் தாராளமாகப் பரப்புங்கள், சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் பிடித்துவிடும். விசில் வந்ததும் தீயைக் குறைத்து இருபத்தைந்து நிமிடம். இலை மிருதுவாகிவிடும், ஆனால் குழம்பு சுண்டாமல் நீர்த்துத்தான் இருக்கும். திறந்து, மீதி எலுமிச்சை ஊற்றி, இன்னும் இருபது நிமிடம் திறந்தபடியே சிறுதீயில் விடுங்கள். அந்த இருபது நிமிடத்தை விட்டுவிட்டால் அது வேறு ஏதோ சாப்பாடு.

சைவமாகச் செய்ய முடியுமா?

முடியும், பழைய வழக்கமும்கூட. கறி வாங்க வழியில்லாத வீடுகளில் காளான், கஷா, உருளைக்கிழங்கு, நிறைய வதக்கிய வெங்காயம் வைத்துச் சுருட்டினார்கள். இன்று வில்னியஸ் என்று சொல்கிற வில்னா நகரத்தில் 1930களில் ஃபான்யா லெவாண்டோ என்ற யூதப் பெண்மணி ஒரு சைவ உணவகமே நடத்தினார், அந்த ஊர் எழுத்தாளர்களும் கலைஞர்களும் அங்கே சாப்பிடப் போவார்கள். கால் கிலோ காளானைப் பொடியாக நறுக்கி நீர் வற்றும்வரை வதக்கி, வெந்த கஷாவோ அரிசியோ இரண்டு கப், வெங்காயம், மிளகு, முட்டை சேர்த்து வையுங்கள் (முட்டை வேண்டாமென்றால் மசித்த உருளைக்கிழங்கு), பத்து ரோல் வரும். ஒரு மணி நேரம் வெந்தால் போதும். இதில் கறி இல்லாததால் புளித்த கிரீமைக் கோஷர் வீட்டிலும் தாராளமாக மேலே வைத்துக்கொள்ளலாம்.

யூத நண்பர் ஒருவருக்கு நானே சமைத்துக் கொடுக்க ஆசை. ஹலால் கறியில் செய்தால் போதுமா?

நல்ல ஆசை, ஆனால் முதலில் அவரிடமே கேளுங்கள். ஹலால் வேறு, கோஷர் வேறு, ஒன்று மற்றதற்கு ஈடாகாது. கோஷர் கறியே வாங்கினாலும், உங்கள் பானையும் கத்தியும் ஓவனும் முன்பு கோஷர் இல்லாததையும் பாலும் கறியும் சேர்ந்ததையும் தொட்டிருக்கும். கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவர் அதில் சமைத்ததைச் சாப்பிட மாட்டார், அது உங்கள் மேல் குறை இல்லை. பல யூதர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை, பன்றிக்கறி மட்டும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள், எதுவுமே பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். அவர் கண்டிப்பானவர் என்றால், கோஸும் தக்காளியும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், அவர் அடுப்பை மூட்ட, இரண்டு பேருமாகச் சுருட்டுங்கள். பதினைந்து ரோல் சுருட்டப் பேச்சுத்துணை இருந்தால் நல்லதுதான்.

முந்தின நாளே செய்து வைக்கலாமா?

அப்படித்தான் செய்ய வேண்டும். மீன்குழம்பு மாதிரி இதுவும் மறுநாள்தான் ருசி. ஓய்வுநாளான சப்பாத்தில், அதாவது வெள்ளி மாலை சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி இரவு வரை, யூதர்கள் அடுப்பு மூட்டிச் சமைக்க மாட்டார்கள், முன்பே சமைத்துச் சூடான தகட்டின் மேல் வைத்துவிடுவார்கள். அப்படி மணிக்கணக்கில் வைத்தாலும் கெட்டுப்போகாமல் இன்னும் நன்றாகிறது என்பதும் இந்தச் சாப்பாடு அந்த வீடுகளில் நிலைத்ததற்கு ஒரு காரணம். நீங்கள் ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே உறைந்திருக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, மூடிபோட்டுச் சிறுதீயில் சுடவையுங்கள். கூட அவித்த உருளைக்கிழங்கு, அல்லது குழம்பைத் தொட்டுத் துடைத்துச் சாப்பிட ஹாலா ரொட்டி.

பஸ்கா பண்டிகைக்குச் செய்யலாமா?

அந்த எட்டு நாளும் அஷ்கெனாசி வழக்கப்படி அரிசி கிடையாது. அரிசிக்குப் பதில் மட்சா என்ற புளிக்காத ரொட்டியை அரைத்த மாவு கால் கப் போடுவார்கள், அல்லது உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து போடுவார்கள். இஞ்சி பிஸ்கட்டும் கூடாது. மற்றதெல்லாம் அதே.

மிஞ்சினால் ஃப்ரீசரில் தாங்குமா?

மூன்று மாதம் தாங்கும். குழம்பு ரோலை மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை காய்ந்துவிடும். ஃப்ரிட்ஜில் ஒரு இரவு உருகவிட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சுடவைத்து, ஒரு சிட்டிகை உப்பும் சில சொட்டு எலுமிச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுருட்டப் பொறுமை இல்லை. சுருக்குவழி உண்டா?

உண்டு, யூதப் பாட்டிகளே செய்கிற வழிதான். கோஸ் முழுவதையும் அரிந்து குழம்பில் போட்டு, கறியை எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்து அதன்மேல் அடுக்கி, அதே சிறுதீயில் ஒன்றரை மணி நேரம். உருண்டைகளை முதல் அரை மணி நேரம் கிளறாதீர்கள், உடைந்துவிடும். பானையைப் பிடித்து லேசாக ஆட்டினால் போதும்.